ஃப்ரெஷ்ஷா, ஃப்ரோசனா? கரு வைக்கும் முன் போட வேண்டிய கணக்கு (கடலூர் – புதுச்சேரி)

#1 பாகூர்_ஏரி

கடலூர், பாண்டி பக்கம் ஐ.வி.எஃப். செய்துகொள்கிறவர்களுக்கு, முட்டை எடுத்த அன்றைக்கோ மறுநாளோ இப்படி ஒரு செய்தி வருகிறது: "இந்த மாசம் வைக்க வேண்டாம், எல்லாத்தையும் ஃப்ரீஸ் பண்ணிடலாம்." எடுத்த மாதமே கருவைக் கர்ப்பப்பையில் வைத்தால் ஃப்ரெஷ்; உறைய வைத்து வேறொரு மாதம் வைத்தால் ஃப்ரோசன். உடனே வீட்டில் இரண்டு சந்தேகம். ஐஸில் போட்ட மீன் மாதிரி கருவும் சத்து போய்விடுமா? இல்லை, பில்லை ஏற்றத்தான் தள்ளிப்போடுகிறார்களா?

இரண்டுக்கும் விவரத்தோடு பதில் வேண்டும். ஆய்வகத்திலும் வார்டிலும் இருக்கிறவர்கள் எழுதுங்கள். "எங்க சித்தி பொண்ணுக்கு ஃப்ரோசன்லதான் நின்னுச்சு" வகைப் பதில்களுக்கு வேறு இழை இருக்கிறது.

#2 நைட்ரஜன்_கேன்

மீனிலிருந்தே தொடங்கலாம். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் ஐஸ் பெட்டியில் கிடக்கும் மீன் 0 டிகிரியை ஒட்டி இருக்கிறது. நொதிகளும் கிருமிகளும் அங்கே மெதுவாக வேலை செய்துகொண்டேதான் இருக்கும். கரு இருப்பது திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில். அந்தக் குளிரில் எந்த வேதிவினையும் நகராது. 3 மாதம் இருந்தாலும் 3 வருடம் இருந்தாலும் கருவுக்கு வயது ஏறாது.

ஆபத்து வைத்திருக்கும் காலத்தில் இல்லை. உள்ளே போகும் சில நிமிடங்களிலும் வெளியே வரும் சில நொடிகளிலும்தான். செல்லுக்குள் இருக்கும் நீர் மெல்ல உறைந்தால் பனி ஊசிகளாகி செல் சவ்வைக் கிழிக்கும். பழைய மெதுவுறைவு முறையில் கணிசமான கருக்கள் கெட்டது அதனால்தான். இப்போது செய்வது விட்ரிஃபிகேஷன். நீர் பனியாக மாற நேரமே கொடுக்காமல் கண்ணாடி போல இறுக வைப்பது.

ஆய்வகத்தில் நடப்பது இது. 5ஆம் நாள் கரு (முட்டை எடுத்து 5 நாள் ஆய்வகத்தில் வளர்ந்தது) என்றால் நடுவில் நீர்ப்பை இருக்கும். அதை லேசரால் ஒரு தொடு தொட்டு முதலில் சுருங்க வைப்போம். உள்ளே நீர் நின்றால் பனி கட்டும். பிறகு எத்திலீன் கிளைக்கால், டி.எம்.எஸ்.ஓ. என்ற உறைவுக்காப்பு ரசாயனங்கள் தலா 7.5 சதவீதம் உள்ள கரைசலில் 10 முதல் 15 நிமிடம். அடுத்து தலா 15 சதவீதமும் சுக்ரோஸும் உள்ள அடர்கரைசலில் 60 முதல் 90 நொடி. அதற்குள் மெல்லிய பட்டையின் நுனியில் கருவை ஏற்றி, சுற்றியுள்ள திரவத்தை உறிஞ்சிவிட்டு நைட்ரஜனில் முக்கிவிட வேண்டும்.

தவறு நடக்கும் இடங்கள் மூன்று. அடர்கரைசலில் கூடுதல் நேரம் விட்டால் அந்தக் கரைசலே நஞ்சு. பட்டையில் சொட்டு பெரிதாக நின்றால் குளிரும் வேகம் குறையும். மூன்றாவதைத்தான் அதிகம் பேர் கவனிப்பதில்லை. எடுக்கும்போது வெப்பமேற்றும் வேகம், குளிர்விக்கும் வேகத்தைவிட முக்கியம். நைட்ரஜனிலிருந்து 37 டிகிரி கரைசலுக்குப் பட்டை ஒரே வீச்சில் போக வேண்டும். நடுவே காற்றில் இரண்டு நொடி தயங்கினால் கண்ணாடி பனியாக மாறிவிடும்.

கை தேர்ந்த ஆய்வகத்தில் 5ஆம் நாள் கருக்களில் 100க்கு 95க்கு மேல் பிழைக்கின்றன. எனவே மருத்துவமனையில் கேட்க வேண்டிய கேள்வி "ஃப்ரோசன் நல்லதா?" அல்ல. "கடந்த ஒரு வருடத்தில் உங்கள் ஆய்வகத்தில் எடுத்த கருக்களில் எத்தனை பிழைத்தன?" என்று கேளுங்கள். எண்ணாகச் சொல்லத் தெரியாத இடத்தில் ஃப்ரெஷ்ஷே மேல்.

#3 கோரிமேடு_கார்னர்

பிறகு விவாதம் எதற்கு? 95 பிழைக்கிறது, கர்ப்பப்பைக்கும் ஓய்வு கிடைக்கிறது. எல்லோருக்கும் எல்லாவற்றையும் ஃப்ரீஸ் செய்து அடுத்த மாதம் வைப்பதுதான் சரியான வழி. பெரிய சென்டர்கள் எல்லாம் அதற்குத்தான் மாறிவிட்டன.

#4 புள்ளிவிவரப்_புலி

» எல்லோருக்கும் எல்லாவற்றையும் ஃப்ரீஸ் செய்து

இந்த "எல்லோருக்கும்" என்பதில்தான் சிக்கல், கோரிமேடு சார். சீட்டுப் போட்டுப் பிரித்து நடத்திய ஆய்வுகள் சொல்வது வேறு.

2016, சீனா, பி.சி.ஓ.எஸ். (சினைப்பையில் நிறைய சிறு முட்டைப்பைகள், ஒழுங்கற்ற மாதவிடாய்) உள்ள 1508 பெண்கள். உயிருள்ள குழந்தை பிறந்தது ஃப்ரோசனில் 49.3 சதவீதம், ஃப்ரெஷ்ஷில் 42. ஃப்ரோசனுக்குத் தெளிவான வெற்றி. இதை எல்லா விளம்பரத்திலும் பார்க்கலாம்.

2018, மறுபடி சீனா, மாதவிடாய் ஒழுங்காக வரும் 2157 பெண்கள். ஃப்ரோசன் 48.7, ஃப்ரெஷ் 50.2. வித்தியாசம் இல்லை. அதே வருடம் வியட்நாமில், பி.சி.ஓ.எஸ். இல்லாத 782 பேர். ஃப்ரோசன் 33.8, ஃப்ரெஷ் 31.5. அதிலும் புள்ளியியல்படி வித்தியாசம் இல்லை. இவற்றை விளம்பரத்தில் பார்க்க முடியாது.

2019இல் ஒன்று ஃப்ரோசன் பக்கம் சாய்ந்தது. ஒழுங்கான மாதவிடாய், 5ஆம் நாள் கரு ஒன்றே ஒன்று வைத்தபோது ஃப்ரோசன் 50, ஃப்ரெஷ் 40. ஆனால் 2025இல் வந்தது நேர் எதிர். முட்டை குறைவாகவோ கருவின் தரம் குறைவாகவோ உள்ள 838 பெண்கள். ஃப்ரீஸ் செய்தவர்களில் 32 சதவீதம், ஃப்ரெஷ்ஷில் 40. 3 முட்டை, 2 கரு என்று நிற்பவர்களிடம் போய் "எல்லாம் ஃப்ரீஸ்" என்பது அவர்கள் கையில் இருக்கும் கொஞ்சத்தையும் குறைப்பது.

இன்னொன்று, "ஃப்ரோசனில் 65 சதவீதம் வெற்றி" என்று பலகை பார்த்தால் எதன் கீழ் வகுத்தது என்று கேளுங்கள். கரு வைத்தவர்களில் 65ஆ, ஊசி போடத் தொடங்கியவர்களில் 65ஆ? கரு 5ஆம் நாள் வரை வராதவர்கள், எடுக்கும்போது கெட்டுப்போனவர்கள், லைனிங் (கர்ப்பப்பை உள்சுவர்) வளராமல் நிறுத்தியவர்கள் எல்லோரும் முதல் கணக்கில் காணாமல் போய்விடுவார்கள்.

#5 சிஸ்டர்_நெல்லிக்குப்பம்

புலி தம்பி சதவீதம் சொல்லிட்டாரு. வார்டுல எப்படி முடிவு பண்றாங்கன்னு நான் சொல்றேன். கரு எப்படின்னு பாக்குறதுக்கு முன்னாடி, இந்த மாசம் கர்ப்பப்பையும் உடம்பும் எப்படி இருக்குன்னுதான் பாக்குறாங்க.

சாதாரண மாசத்துல ஒரே ஒரு முட்டை வளரும். அப்ப இ2, அதாவது ஈஸ்ட்ரடையால், உச்சத்துல 200லருந்து 400 பிகோகிராம். ஊசி போட்டு 15, 20 முட்டை வளத்தா அது 3000, 4000ன்னு போயிடும். அந்த வெள்ளத்துல கர்ப்பப்பை உள்சுவர் கருவைவிட முன்னாடி ஓடிடுது. கரு வந்து கதவைத் தட்டுறப்ப ஏத்துக்குற நேரம் முடிஞ்சிருக்கும்.

அதனால ட்ரிகர் ஊசி (முட்டையை எடுக்கத் தயார் பண்ற கடைசி ஊசி) போடுற அன்னிக்கு ரத்தத்துல புரொஜெஸ்டிரோன், அதாவது கருவை ஏத்துக்க உள்சுவரைத் தயார் பண்ற ஹார்மோன், எவ்வளவுன்னு பாப்பாங்க. 1.5 நானோகிராமுக்கு மேல இருந்தா பெரும்பாலும் ஃப்ரெஷ் வேண்டாம்னு சொல்லிடுவாங்க. ரிப்போர்ட்ல அந்த எண் இருக்கான்னு பாருங்க. பாக்காமலே "ஃப்ரெஷ் வச்சிடலாம்"னு சொன்னாலும் சரி, "ஃப்ரீஸ் பண்ணிடலாம்"னு சொன்னாலும் சரி, எத வச்சு சொல்றீங்கன்னு கேக்கலாம். தப்பில்ல.

ரெண்டாவது ஓ.ஹெச்.எஸ்.எஸ்., அதாவது ஊசியால சினைப்பை அளவுக்கு மீறி வீங்குறது. பி.சி.ஓ.எஸ். இருக்குறவங்க, ஏ.எம்.ஹெச். (முட்டை இருப்பைக் காட்டுற ஹார்மோன்) அதிகம் உள்ளவங்க, 18க்கு மேல முட்டைப்பை வளந்தவங்க, இவங்களுக்கு ஃப்ரெஷ் வச்சு கர்ப்பம் நின்னுச்சுன்னா, கரு சுரக்கிற ஹெச்.சி.ஜி. ஹார்மோனே வீங்கின சினைப்பையை இன்னும் தூண்டும். வயித்துல தண்ணி கோத்துக்கும், ரத்தம் கெட்டியாகும். புலி சொன்ன 2016 ஆய்வுலயே ஃப்ரெஷ்ல 7.1 சதவீதம் பேருக்கு வந்துச்சு, ஃப்ரோசன்ல 1.3. இவங்களுக்கு ட்ரிகரும் ஹெச்.சி.ஜி.யா இருக்கக் கூடாது, ட்ரிப்டோரெலின் 0.2 மி.கி. மாதிரி ஊசி போடணும். அந்த ட்ரிகர் போட்டா, முட்டை எடுத்த பிறகு கர்ப்பத்தைத் தாங்குற லூட்டியல் ஹார்மோன் சட்டுனு விழுந்துடும், ஃப்ரெஷ் சரியா நிக்காது. அதனாலயும் ஃப்ரீஸ்தான்.

முட்டை எடுத்த பிறகு வீட்டுல கவனிக்க வேண்டியது: ஒரே நாள்ல 1 கிலோவுக்கு மேல எடை ஏறுறது, மூத்திரம் குறையிறது, படுத்தா மூச்சு வாங்குறது. பஸ்ஸுக்கு காத்திருக்காதீங்க. ராத்திரியா இருந்தாலும் கிளம்பிடுங்க.

#6 பாகூர்_ஏரி

நன்றி சிஸ்டர். அப்படியானால் ஃப்ரீஸ் கட்டாயம் யாருக்கு, ஃப்ரெஷ் யாருக்கு என்று ஒரு கோடு போடலாமா?

#7 நைட்ரஜன்_கேன்

கோடு கொஞ்சம் வளையும். ஃப்ரீஸ் தவிர வேறு வழியில்லாதவர்கள்: ஓ.ஹெச்.எஸ்.எஸ். ஆபத்து உள்ளவர்கள், ட்ரிகர் அன்று புரொஜெஸ்டிரோன் ஏறியவர்கள், ஸ்கேனில் பாலிப்போ உள்ளே நீரோ தெரிந்தவர்கள், லைனிங் 7 மி.மீ. தாண்டாதவர்கள், கருவின் மரபணுக்களைப் பார்க்கும் பி.ஜி.டி. சோதனைக்குச் செல்களை அனுப்புகிறவர்கள். கருவின் வெளிச்சுவரிலிருந்து 5 முதல் 10 செல் எடுத்து அனுப்பினால் முடிவு வர 2, 3 வாரம் ஆகும். அதுவரை கரு கர்ப்பப்பைக்கு வெளியே காத்திருக்க வழி உறைவு மட்டும்தான். (அந்தச் சோதனையில் ஆணா பெண்ணா என்று கேட்காதீர்கள். 1994 சட்டப்படி கேட்பதும் குற்றம், சொல்வதும் குற்றம்.)

ஃப்ரெஷ்ஷுக்குப் பொருத்தமானவர்கள்: 4 முதல் 12 முட்டை, புரொஜெஸ்டிரோன் 1.5க்குக் கீழ், ஸ்கேனில் மூன்று கோடாகத் தெரியும் 8 மி.மீ. லைனிங், வயிற்று உப்பல் இல்லை. இவர்களை ஒரு மாதம் காக்க வைப்பதற்கு என் பார்வையில் காரணம் இல்லை. ஒரு முறை எடுத்த முட்டைகளில் உருவான கருக்கள் எல்லாவற்றையும் வைத்து முடிக்கும்வரை மொத்தக் கணக்குப் போட்டால் இரண்டு வழியும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. ஃப்ரெஷ்ஷில் சீக்கிரம் வரலாம், அவ்வளவுதான்.

#8 கோரிமேடு_கார்னர்

சரி, "எல்லோருக்கும்" என்றதை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் ஃப்ரோசனில் குழந்தை நல்ல எடையோடு பிறக்கிறது, குறைப்பிரசவம் குறைவு. இதையும் எழுதுங்கள்.

#9 புள்ளிவிவரப்_புலி

எழுதுகிறேன், மறுபக்கத்தோடு சேர்த்து. ஃப்ரெஷ்ஷில் குறைந்த எடை, குறைமாதம் சற்று அதிகம். உண்மை. ஃப்ரோசனில் அளவுக்கு மீறிய எடையும், தாய்க்கு கர்ப்பகால ரத்த அழுத்தமும் அதிகம். 2016 ஆய்வில் முன்சூல்வலிப்பு (ப்ரீ-எக்ளாம்ப்சியா, ரத்த அழுத்தம் ஏறி உறுப்புகளைப் பாதிக்கும் நிலை) ஃப்ரோசனில் 4.4 சதவீதம், ஃப்ரெஷ்ஷில் 1.4. 2019 ஆய்வில் 3.1க்கு 1.0. குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடிய இரண்டு ஆய்விலும் இந்த ஆபத்தும் கூடியிருக்கிறது.

இதில் எல்லா ஃப்ரோசனும் ஒன்று அல்ல. மாத்திரை போட்டு லைனிங் வளர்க்கும் முறையில் முட்டை வெடிப்பதே இல்லை. ஆகவே கார்பஸ் லூட்டியம் என்ற மஞ்சள்பையும் கிடையாது. அந்தப் பை புரொஜெஸ்டிரோனோடு ரிலாக்ஸின் போன்றவற்றையும் சுரக்கிறது. கர்ப்பத்தின் தொடக்கத்தில் ரத்தக்குழாய்கள் தளர்வதற்கு அது வேண்டும். மாத்திரையில் அது வராது. இயற்கைச் சுழற்சியில் வைத்த ஃப்ரோசனில் முன்சூல்வலிப்பு குறைவு என்று பின்னால் வந்த பல ஆய்வுகள் காட்டியது இதனால்தான் என்று கருதுகிறார்கள்.

அதனால் ஃப்ரெஷ்ஷா ஃப்ரோசனா என்று சண்டை போட்டு முடித்த பிறகு இன்னொரு கேள்வி பாக்கி இருக்கிறது: ஃப்ரோசன் என்றால் மாத்திரையிலா, இயற்கையிலா? இதை யாரும் கேட்பதே இல்லை. அச்சடித்த மருந்துச் சீட்டை அப்படியே வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம்.

#10 மருந்துக்கடை_மஞ்சக்குப்பம்

மாத்திரைச் சீட்டு எப்படி இருக்கும் என்று நான் எழுதுகிறேன்.

மாதவிடாய் 2ஆம் நாளிலிருந்து ஈஸ்ட்ரடையால் வேலரேட் 2 மி.கி., நாளைக்கு 3 வேளை. கடையில் புரோகினோவா என்று கேட்பார்கள். 10 முதல் 12 நாளில் ஸ்கேன். 7 மி.மீ.க்கு மேல், மூன்று கோடு. அன்றே ரத்தத்தில் புரொஜெஸ்டிரோனும் பார்க்க வேண்டும். மாத்திரையை மீறி முட்டை வெடித்திருந்தால் எண் ஏறியிருக்கும், நாள் கணக்கு தப்பிவிடும்.

பிறகு புரொஜெஸ்டிரோன் தொடக்கம். பிறப்புறுப்பில் உள்வைக்கும் 400 மி.கி. மருந்து காலை, இரவு. இல்லையென்றால் எண்ணெய் ஊசி 50 அல்லது 100 மி.கி. சிலருக்கு டைட்ரோஜெஸ்டிரோன் 10 மி.கி. 3 வேளை கூடச் சேர்ப்பார்கள்.

நாள் எண்ணுவதில் நடக்கும் குழப்பம் பெரிது. தொடங்கிய நாள் சுழி. வியாழன் தொடங்கினால் வெள்ளி 1, சனி 2, ஞாயிறு 3, திங்கள் 4, செவ்வாய் 5. 5ஆம் நாள் கரு செவ்வாய்க்கிழமை. 3ஆம் நாள் கரு ஞாயிற்றுக்கிழமை. தொடங்கிய நாளையே 1 என்று எண்ணினால் ஒரு நாள் முன்னால் போய்விடும். முதல் மருந்து வைத்த தேதி, மணி இரண்டையும் சீட்டின் பின்னால் எழுதிக்கொள்ளுங்கள்.

சேமிப்பு: உள்வைக்கும் பெசரி கொழுப்பில் செய்தது. உடல் சூட்டில் உருக வேண்டும் என்றே செய்தது. அக்னி நட்சத்திரத்தில் ஹேண்ட்பேக்கில் வைத்துக்கொண்டு சிதம்பரத்திலிருந்து பாண்டி வரை பஸ்ஸில் போனால் பையிலேயே உருகும். உருகி மறுபடி இறுகியதைப் பயன்படுத்த வேண்டாம். ஜெலட்டின் கேப்ஸ்யூல் கொஞ்சம் தாங்கும்.

எண்ணெய் ஊசியில் கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ அடிப்படையாக இருக்கும். கடலை ஒவ்வாமை இருந்தால் பெட்டியைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

#11 சிஸ்டர்_நெல்லிக்குப்பம்

எண்ணெய் ஊசி பத்தி ஒரு வார்த்தை. புட்டத்தின் மேல் வெளிப்பக்க கால்பாகத்துலதான் போடணும். குப்பிய ரெண்டு நிமிஷம் உள்ளங்கையில உருட்டி சூடு பண்ணிட்டு, மெதுவா ஏத்தணும். ஒரு நாள் இடது, மறுநாள் வலது. பிறகு வெந்நீர் ஒத்தடம். கட்டி விழுந்து, சிவந்து, காய்ச்சலும் வந்தா அது சீழா இருக்கலாம், காட்டிடுங்க.

மஞ்சக்குப்பம் அண்ணன் விட்ட ஒண்ணு: கரு வைக்கிற அன்னிக்கோ முந்தின நாளோ ரத்தத்துல புரொஜெஸ்டிரோன் பாக்குறது. உள்வைக்கிற மருந்து மட்டும் எடுக்குறவங்களுக்கு 10 நானோகிராமுக்குக் கீழ இருந்தா பல சென்டர்ல ஊசி கூட சேத்துடுறாங்க. ஆனா டைட்ரோஜெஸ்டிரோன் (டுஃபாஸ்டன்) அந்த டெஸ்ட்ல தெரியவே தெரியாது. அதை மட்டும் எடுக்குறவங்களுக்கு எண் குறைவா வந்தா பயந்துடக் கூடாது.

#12 பாகூர்_ஏரி

இயற்கைச் சுழற்சி எப்படிச் செய்வது? யாருக்கு முடியாது?

#13 நைட்ரஜன்_கேன்

மாதவிடாய் 28, 30 நாள் என்று ஒழுங்காக வர வேண்டும். அதுதான் நிபந்தனை. 10ஆம் நாள் முதல் ஸ்கேன். முட்டைப்பை 17 மி.மீ. தாண்டி லைனிங்கும் 7க்கு மேல் இருந்தால் இரண்டு வழி. ஒன்று, ரத்தத்தில் எல்.ஹெச். (முட்டையை வெடிக்கச் செய்யும் ஹார்மோன்) உயர்வைப் பிடித்து, அன்றிலிருந்து 6ஆம் நாள் கருவை வைப்பது. மற்றது, ஹெச்.சி.ஜி. ஊசி போட்டு 7ஆம் நாள் வைப்பது. ஊசி போட்டால் அலைச்சல் குறையும், நாள் நிச்சயம். எல்.ஹெச். ஏற்கெனவே ஏறத் தொடங்கிவிட்டதா என்று பார்க்காமல் ஊசி போட்டால் மட்டும் ஒரு நாள் பிசகும்.

பி.சி.ஓ.எஸ்.காரர்களில் பலருக்கு இயற்கையாக முட்டை ஒழுங்காக வளராது. அவர்களுக்கு லெட்ரசோல் 2.5 அல்லது 5 மி.கி. 5 நாள் கொடுத்து ஒரு முட்டையை வளர்த்து அதே முறையில் போகலாம். மஞ்சள்பையும் கிடைக்கும். மாத்திரைச் சுழற்சிக்கு முன் இந்த வழியையும் மருத்துவரிடம் கேளுங்கள். முன்பு காலில் ரத்தக்கட்டி வந்தவர்களுக்கு அதிக ஈஸ்ட்ரஜன் ஆகாது என்பதால் அவர்களுக்கும் இயற்கை வழியே பொருந்தும்.

முட்டையே வெடிக்காதவர்கள், மாதவிடாய் நின்றவர்கள், தானமுட்டை பெறுகிறவர்களில் பலர், இவர்களுக்கு மாத்திரைதான்.

#14 முள்ளோடை_செக்போஸ்ட்

கடலூர் ஓ.டி.யிலிருந்து (பழைய நகரம்) வாரத்துக்கு 4 முறை பாண்டிக்கு பஸ் ஏறுகிறவர்களுக்கு இயற்கை முறை சுலபம் இல்லை. ஸ்கேன் எந்த நாள் என்பது முட்டை கையில். மாத்திரையில் 2 ஸ்கேன், நாளும் முன்பே தெரியும். லீவு போட வேண்டியவர்களுக்கு அது பெரிய விஷயம்.

வடகிழக்குப் பருவமழை காலத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2011 டிசம்பர் 30இல் தானே கரை கடந்தது நமக்கும் பாண்டிக்கும் நடுவில். 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல், பாண்டியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை. அந்த நாட்களில் கரு வைக்க நாள் குறித்திருந்தால் என்ன செய்வது? கரண்ட் போனால் உறைந்த கருக்கள் என்ன ஆகும்?

#15 நைட்ரஜன்_கேன்

நல்ல கேள்வி. இரண்டாவதை முதலில் எடுக்கிறேன்.

நைட்ரஜன் கலனுக்கு மின்சாரமே தேவையில்லை. அது பெரிய ஃப்ளாஸ்க். இரண்டு சுவர், நடுவில் வெற்றிடம். திரவம் மெல்ல ஆவியாகும், அவ்வளவுதான். நிரப்பிய கலன் வாரக்கணக்கில் தாங்கும். புயலில் நைட்ரஜன் லாரி வராது என்று தெரிந்தால் இரண்டு நாள் முன்பே நிரப்பி வைப்பது வழக்கம். கேட்க வேண்டியது: அளவுகோலை விட்டு மட்டம் பார்க்கும் பதிவேடு இருக்கிறதா, மட்டம் இறங்கினால் அலாரம் அடிக்குமா, கலன் தரைத்தளத்திலா மாடியிலா. கலனின் வெளிப்புறம் வியர்த்தாலோ கழுத்தில் பனி படிந்தாலோ வெற்றிடம் போய்விட்டது என்று பொருள். உடனே வேறு கலனுக்கு மாற்ற வேண்டும்.

மின்சாரம் போனால் தவிப்பது இன்குபேட்டர்தான். 37 டிகிரி, 6 சதவீத கார்பன் டை ஆக்சைடு, 5 சதவீத ஆக்சிஜன் எல்லாம் அதை நம்பியிருக்கிறது. ஜெனரேட்டர் டீசல் தீர்ந்தால் ஆபத்தில் இருப்பது ஃப்ரெஷ் கரு; உறைந்தது அல்ல.

நாள் தள்ளுவது பற்றி. முட்டை எடுப்பதைத் தள்ள முடியாது. ட்ரிகர் போட்டு 34 முதல் 36 மணி நேரத்தில் எடுத்தே ஆக வேண்டும். எடுத்த பின் சாலை மூழ்கினால் கருவை உறைய வைத்துவிடலாம். மாத்திரைச் சுழற்சியில், புரொஜெஸ்டிரோன் தொடங்கும் முன்பு என்றால் ஈஸ்ட்ரஜனைத் தொடர்ந்து சில நாள் தாராளமாகத் தள்ளலாம். தொடங்கிய பிறகு தள்ள முடியாது. இயற்கைச் சுழற்சியில் முட்டை வெடித்த பிறகும் அதே நிலைதான், ஒரு மாதம் போச்சு. ஆகவே ஐப்பசி, கார்த்திகையில் கடலோரம் இருப்பவர்கள் வானிலை அறிக்கையைப் பார்த்துவிட்டுப் புரொஜெஸ்டிரோன் தொடங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

#16 பாகூர்_ஏரி

இதை எழுதலாமா என்று யோசித்தேன். அஷ்டமி, நவமி பார்த்து நாள் மாற்றக் கேட்கிறார்கள். ஆடியில் வைத்தால் சித்திரை வெயிலில் பிறக்கும் என்று பெரியவர்கள் தடுக்கிறார்கள்.

#17 சிஸ்டர்_நெல்லிக்குப்பம்

வாரத்துக்கு ஒருத்தராச்சும் கேக்குறாங்க, வெட்கப்படாதீங்க. ஆடி கணக்கு சரியாத்தான் வருது. 5ஆம் நாள் கரு வச்ச தேதியோட 261 நாள் கூட்டுனா பிரசவ தேதி. ஆடி மாசம் வச்சா ஏப்ரல், மே தொடக்கம். உறைஞ்ச கருவா இருந்தா ஆவணி வரை காத்திருந்தா கருவுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா கையில ஒரே கரு, வயசு 38, இது நிக்கலன்னா மறுபடி முட்டை எடுக்கணும்னா, மாசம் போகப் போக சினைப்பைக்கு வயசு ஏறும், அது கணக்கு.

நாள் நட்சத்திரம், மாத்திரைச் சுழற்சின்னா புரொஜெஸ்டிரோன் தொடங்குறதுக்கு முன்னாடியே சொல்லுங்க, ஒரு நாள் ரெண்டு நாள் மாத்திக்கலாம். மருந்து ஆரம்பிச்சுட்டு "செவ்வாக்கெழம வேணாம் மேடம்"னா டாக்டர் என்ன பண்ணுவாங்க?

#18 முள்ளோடை_செக்போஸ்ட்

கரு வைத்த பின் பஸ்ஸில் வரலாமா? கன்னியக்கோயில் பக்கம் ஸ்பீட் பிரேக்கர் தூக்கித் தூக்கிப் போடும்.

#19 நைட்ரஜன்_கேன்

வரலாம். கர்ப்பப்பை திறந்த குடம் இல்லை; முன்சுவரும் பின்சுவரும் ஒட்டியே இருக்கும். 20, 30 மைக்ரோலிட்டர் திரவத்தோடு போன கரு அந்த இரண்டு சுவருக்கு நடுவில் நிற்கிறது, ரொட்டிக்கு நடுவே ஜாம் போல. குலுக்கலில் விழாது. நாள் முழுக்கப் படுத்திருப்பதால் வாய்ப்பு கூடுவதில்லை என்று ஆய்வுகளும் சொல்கின்றன.

வைக்கும்போது கவனிக்க வேண்டியவை: சிறுநீர்ப்பை ஓரளவு நிறைந்திருக்க வேண்டும், வயிற்று ஸ்கேனில் வழி தெரிய. முட்ட முட்ட அல்ல. மென்மையான குழாய். நுனி கர்ப்பப்பை உச்சியிலிருந்து 1 முதல் 2 செ.மீ. தள்ளி. குழாயை எடுத்ததும் ஆய்வகத்தில் நுண்ணோக்கியில் பார்த்து "காலி" என்று சொல்வார்கள். சில நேரம் கரு குழாயிலேயே ஒட்டிக்கொண்டு திரும்பி வரும். உடனே மறுபடி வைப்பார்கள், பயப்பட வேண்டாம்.

ஃப்ரோசனில் அன்று காலைதான் கருவை எடுப்போம். 2, 3 மணி நேரத்தில் சுருங்கிய நீர்ப்பை மறுபடி விரிகிறதா என்று பார்ப்போம். விரிவது நல்ல அறிகுறி. பிழைக்கவில்லை என்றால் அடுத்ததை எடுக்கலாமா என்று கேட்டு அலைபேசி வரும். பஸ்ஸில் இருந்தாலும் எடுங்கள்.

#20 மருந்துக்கடை_மஞ்சக்குப்பம்

கரு வைத்த பிறகு நடக்கும் பெரிய தவறு, திட்டுத் திட்டாகக் கறை பட்டதும் "வந்துடுச்சு" என்று மருந்தை நிறுத்துவது. மாத்திரைச் சுழற்சியில் உடம்பு சொந்தமாகப் புரொஜெஸ்டிரோன் சுரக்கவில்லை. நிறுத்தினால் நின்றிருந்த கருவும் போய்விடும். ரத்தத்தில் பீட்டா ஹெச்.சி.ஜி. பார்த்து, மருத்துவர் சொன்ன பிறகே நிறுத்த வேண்டும். பாசிட்டிவ் என்றால் 10 முதல் 12 வாரம் வரை தொடரும். ஸ்டாக் தீரும் முன் வாங்கி வையுங்கள். ஞாயிறு, தீபாவளி, பொங்கல் வரிசையாகக் கடை மூடும் நாட்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் கர்ப்பச் சோதனைக் கார்டு வைத்துப் பார்ப்பதிலும் ஒரு பொறி உண்டு. ஃப்ரெஷ்ஷிலோ, ஹெச்.சி.ஜி. போட்ட இயற்கைச் சுழற்சியிலோ அந்த ஊசியே 10 நாளுக்கு மேல் உடலில் தங்கி இரண்டு கோடு காட்டும். மாத்திரைச் சுழற்சியில் அந்தப் பொறி இல்லை.

#21 புள்ளிவிவரப்_புலி

பதிவு பற்றி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிக்மி எண் (தமிழ்நாட்டு அரசின் கர்ப்பப் பதிவு எண்) போடப் போகும்போது கடைசி மாதவிடாய் தேதி கேட்பார்கள். ஃப்ரோசனில் அந்தத் தேதி பொய் சொல்லும். ஈஸ்ட்ரஜன் 12 நாள் எடுத்தவருக்கும் 20 நாள் எடுத்தவருக்கும் கரு வைத்த நாள் வேறு. 5ஆம் நாள் கரு வைத்த அன்று கர்ப்பத்தின் வயது 2 வாரம் 5 நாள். அதிலிருந்து பின்னோக்கி 19 நாள் எண்ணி அந்தத் தேதியைக் கொடுங்கள். 3ஆம் நாள் கரு என்றால் 17 நாள், பிரசவ தேதிக்கு 263 கூட்ட வேண்டும்.

"மாத்திரைச் சுழற்சி ஃப்ரோசன்" என்று அட்டையில் எழுதச் சொல்லுங்கள். பிரசவம் பார்க்கும் மருத்துவர் ரத்த அழுத்தத்தைக் கூடுதலாகக் கவனிப்பார். 12 வாரத்தில் ஆஸ்பிரின் தொடங்க வேண்டுமா என்பதையும் அவர் முடிவு செய்வார்.

#22 கோரிமேடு_கார்னர்

பில் பற்றிய முதல் சந்தேகம் அப்படியே நிற்கிறது.

#23 மருந்துக்கடை_மஞ்சக்குப்பம்

அது வீண் சந்தேகம் இல்லை. உறைய வைக்கும் கட்டணம், வருடாந்தர வாடகை, அடுத்த மாதக் கரு வைக்கும் கட்டணம், லைனிங் மருந்து, ஸ்கேன் என்று ஐந்து தலைப்பில் தனித்தனியாக வரும். "பேக்கேஜ்" என்றால் இந்த ஐந்தில் எது உள்ளே, எது வெளியே என்று முட்டை எடுக்கும் முன்பே எழுதி வாங்குங்கள். உறைவுக் கட்டணம் கருவுக்கா, பட்டைக்கா என்றும் கேளுங்கள். ஒரு பட்டையில் 2 கரு ஏற்றினால் எடுக்கும்போது இரண்டும் சேர்ந்தே வெளியே வரும். ஒன்று மட்டும் வைக்க நினைப்பவர்கள் தனித்தனியாக ஏற்றச் சொல்ல வேண்டும்.

வாடகை கட்ட மறந்து முகவரி மாறியவர்கள் நிறைய. 2021 ஏ.ஆர்.டி. சட்டப்படி 10 வருடம் வரை வைக்கலாம். மருத்துவமனை மாற நினைத்தால், சொந்தக் கருவைச் சொந்தப் பயன்பாட்டுக்கு மாற்றுவதற்கும் தேசிய வாரிய அனுமதி பற்றி அந்தச் சட்டம் பேசுகிறது. கலனைத் தூக்கிக்கொண்டு காரில் கிளம்ப முடியாது.

#24 பாகூர்_ஏரி

கடைசியாக ஒன்று. 6ஆம் நாள் உறைய வைத்த கரு என்றால் புரொஜெஸ்டிரோன் 6ஆம் நாள் வைக்க வேண்டுமா?

#25 நைட்ரஜன்_கேன்

வேண்டாம். அந்தக் கரு 5ஆம் நாள் நிலையை அடைய ஒரு நாள் கூடுதலாக எடுத்துக்கொண்டது, அவ்வளவே. வளர்ந்த நிலை ஒன்றுதான். அதனால் பெரும்பாலான இடங்களில் அதையும் 5ஆம் நாள் கணக்கிலேயே, மஞ்சக்குப்பம் சார் எடுத்துக்காட்டில் செவ்வாய்க்கிழமையே வைப்பார்கள். சீட்டில் கருவின் தரக்குறியீடாக 4ஏஏ, 4பிபி என்று எழுதியிருப்பதற்குப் பக்கத்தில் 5ஆ 6ஆ என்றும் குறித்திருக்கிறார்களா என்று பாருங்கள். இரண்டு கருவும் ஒரே தரம் என்றால் முதலில் எடுக்க வேண்டியது 5ஆம் நாளுடையது.